நோய் அடங்கியது... சட்டப் பாதுகாப்பும் அடங்கியது!

1990 ஜூலை 26. வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்தான்) ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வேலையைச் செய்யத் தகுதி உள்ள ஒருவரை, உடலில் குறை இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது. அவர் வேலை செய்யத் தோதாக நேரத்தையோ இடத்தையோ கொஞ்சம் மாற்றித் தர வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

அப்போது நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா, சுருக்கமாக சி.எம்.எல், வந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தால் பெரிய லாபம் இருந்திருக்காது. இந்த ரத்தப் புற்றுநோய் சில வருடங்கள் அமைதியாக இருந்துவிட்டு, திடீரென்று சீறும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை எல்லோருக்கும் சாத்தியப்படாது. இன்டர்ஃபெரான் ஊசி போட்டால் காய்ச்சலும் உடம்பு வலியும் அசதியும் ஆளையே படுக்க வைத்துவிடும். பத்து வருடம் கழித்து வேலை என்ன ஆகும் என்று கவலைப்படும் நிலையில் பெரும்பாலோர் இல்லை.

1998ல் ஓரிகானில் டாக்டர் பிரையன் ட்ரூக்கர் ஒரு மாத்திரையைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். பெயர் இமாடினிப், நோவார்ட்டிஸ் கம்பெனியின் தயாரிப்பு. இன்டர்ஃபெரான் கைவிட்ட 54 பேருக்குத் தினமும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுத்ததில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியானது! 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. சாகக் காத்திருந்தவர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டு ஆபீஸ் போனார்கள். அசதி, தசைப்பிடிப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம் என்று பக்கவிளைவுகள் இருந்தன. ஆனாலும் போனார்கள்.

சிக்கலே இனிமேல்தான்.

1999 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. கிட்டப்பார்வை உள்ள இரட்டைச் சகோதரிகள் இருவர் யுனைடெட் ஏர்லைன்ஸில் விமானி வேலை கேட்டுக் கிடைக்காமல் வழக்குப் போட்டார்கள். கண்ணாடி போட்டால் அவர்களுக்குப் பார்வை நன்றாகவே தெரியும். ஆகவே அவர்கள் ஊனமுற்றோர் அல்ல, வழக்குப் போடவே தகுதியில்லை என்றது கோர்ட். கண்ணாடி, மருந்து எல்லாவற்றையும் பயன்படுத்திய பிறகு ஆள் எப்படி இருக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டுமாம்.

இதை இமாடினிப் சாப்பிடுபவருக்குப் பொருத்திப் பாருங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்தால் அவர் ஊனமுற்றவர் இல்லை, சட்டம் பாதுகாக்காது. மாத்திரை பலிக்காமல் படுத்துவிட்டாலோ, வேலை செய்யத் தகுதி இல்லாதவர், அப்போதும் பாதுகாக்காது. 'நோயாளி என்று நினைத்து ஒதுக்கினார்கள்' என்று வழக்குப் போட இன்னொரு வழி இருந்தது. ஆனால் முதலாளி மனதில் என்ன நினைத்தார் என்று நிரூபிப்பது லேசான காரியமா?

வேலையை விட்டுவிட்டுப் போகலாமே என்றால் அதுவும் முடியாது. அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடே வேலையோடுதான் வருகிறது. மாத்திரையின் விலை ஆரம்பத்திலேயே வருடத்துக்கு 24,000 டாலருக்கு மேல். 2012 வாக்கில் 90,000 டாலரைத் தாண்டியது (சாதாரணமாகப் பழைய சரக்குக்கு விலை குறையும், இதற்கு ஏறியது). வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் மாத்திரை போகும், மாத்திரை போனால் உயிர். 1993ல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் வருடத்துக்கு 12 வாரம் விடுப்புத் தந்தது, ஆனால் சம்பளம் இல்லாமல்.

எட்வர்ட் சையத் என்ற பெயரைச் சிலர் கேட்டிருக்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1991ல் அவருக்கு வந்தது லுக்கேமியாவின் இன்னொரு வகை, லிம்ஃபோசைடிக். 2003ல் இறக்கும் வரை பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தினார், புத்தகங்கள் எழுதினார். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவருடையது யாரும் எளிதில் பறிக்க முடியாத நிரந்தரப் பதவி. கிடங்கில் மூட்டை தூக்குபவருக்கு அவரை உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

2008 செப்டம்பரில் அமெரிக்கா தவறைத் திருத்திக்கொண்டது. மருந்தின் பலனைக் கணக்கில் எடுக்காமல்தான் நோயைப் பார்க்க வேண்டும் என்று புதுத் திருத்தம் சொன்னது. உயிரணுக்கள் இயல்பாக வளர்வதையும் முக்கிய உடல் இயக்கங்களில் ஒன்றாகச் சேர்த்தது. புற்றுநோயாளிகளுக்கு இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. கையெழுத்துப் போட்டவர் மகன் புஷ்! பிரிட்டன் முந்திக்கொண்டுவிட்டது. அங்கே 2005 டிசம்பரிலிருந்து, புற்றுநோய் என்று கண்டுபிடித்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.

இந்தியாவில் சண்டை வேலைக்காக நடக்கவில்லை, விலைக்காக நடந்தது. அதுவும் நம் சென்னையில். நோவார்ட்டிஸ் மாத்திரை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே தருகிறோம் என்றது நோவார்ட்டிஸ். 2006ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அந்த நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007ல் சென்னை உயர்நீதிமன்றமும், 2013 ஏப்ரல் 1ல் உச்சநீதிமன்றமும் அதன் வாதத்தை ஏற்கவில்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் மருந்தும் வாங்கி வீட்டு வாடகையும் கொடுக்க முடிந்தது என்றால் இந்த வழக்குக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

வேலைப் பாதுகாப்பு? 1948ன் இ.எஸ்.ஐ சட்டத்தின் கீழ் வந்த தொழிலாளிக்குப் புற்றுநோய் என்றால் இரண்டு வருடம் வரை 80 சதவீதச் சம்பளம் கிடைக்க வழி இருந்தது. சம்பளம் அந்த வரம்புக்கு மேலே போனவர்களுக்கு அதுவும் இல்லை. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ரத்தம் சம்பந்தப்பட்டவை மூன்று: ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல். லுக்கேமியா அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.