இலவச வைத்தியம் வந்த வழி

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் நோய், ஏழை செல்வன் என்ற பேதம் பார்த்து வருவதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம், காய்ச்சல் கண்டால் களுபோவிலைக்கோ கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கோ செல்கின்றோம். துண்டு பெற்று, வைத்தியரைக் கண்டு, மருந்துடன் வீடு திரும்புகின்றோம். வைத்தியருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இவ்வசதி தானாக வந்ததன்று. அது வந்த வழியைச் சிறிது நோக்குவோம்.

பிணியாளரைப் பேணுதல் அரசின் கடன் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்திலே, திருமுக்கூடற் கோயிலில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை நடந்ததென அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. வைத்தியருக்கும், மூலிகை கொணர்வோருக்கும், நோயாளரைக் கவனிக்கும் பெண்களுக்கும் உரிய ஊதியம் அதிலே குறிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டு மிகிந்தலையிலும் பழைய வைத்தியசாலையொன்றின் இடிபாடுகளை இன்றும் காணலாம்.

மேனாட்டு வைத்தியத்தைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்தவருள் முதன்மையானவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மாணவருக்கு வைத்தியம் பயிற்றினார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அரசாங்கம் 1858இல் சிவில் வைத்தியப் பகுதியை நிறுவியது. 1864இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியும், 1870இல் வைத்தியக் கல்லூரியும் தோன்றின. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமாயிற்று. நோயாளி வரும்வரை காத்திராது, மருத்துவிச்சி வீடு தேடிச் செல்லும் முறை இதனால் வளர்ந்தது.

1931இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. மூன்றாண்டு கழித்து மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, நுளம்பு பெருகிற்று. 1934-35இல் பரவிய மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகள் பெருந்துயரடைந்தன. வாக்குக் கேட்டு வந்தவர் இனி வைத்தியசாலை தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாட்டுப்புறங்களில் வைத்தியசாலைகள் பெருகின. 1946இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினர். அவ்வாண்டில் ஆயிரம் பேருக்கு 20 ஆயிருந்த இறப்பு விகிதம், அடுத்த ஆண்டிலே 14 அளவிற்கு இறங்கியது.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. இலவச சிகிச்சை வேண்டுவோர் தம் வறுமையைக் காட்ட வேண்டும். ஏனையோர் கட்டணம் செலுத்த வேண்டும். 1951இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கி மூன்றாண்டுகளே சென்றிருந்தன. அன்றுமுதல் வைத்தியசாலை தருமசாலையன்று, குடிமக்களின் உரிமையாயிற்று. 1930களில் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 20 தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் அத்தொகை ஆறுக்குக் குறைந்தது. தாய் இருக்கும் வீட்டிலேதான் பிள்ளை பள்ளி செல்லும். பிரசவத்திற்காகத் தாலிக்கொடியை அடகு வைக்காத குடும்பம், அப்பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும். 1945இல் வந்த இலவசக் கல்வி முழுப் பயன் தந்தமைக்கு இலவச வைத்தியமும் ஒரு காரணமென்பது நம் துணிபு.

இலவசமாயின் மக்கள் வீணாக்குவர் என்பாரும் உளர். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டது. சிறு தொகைதான், ஆயினும் வருவோர் தொகை குறைந்தது. வராது நின்றவர் அனைவரும் நோயற்றவர் என்று யார் கூறுவார்? 1977இல் அக்கட்டணம் மீண்டும் நீக்கப்பட்டது.

பெருமையை மட்டும் பேசி முடித்தல் நேர்மையாகாது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் சகோதரரின் வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களிலேதான். நாட்டின் ஏனைய பாகங்களிலும் பார்க்க லயங்களிலே சிசு மரணம் நெடுங்காலம் கூடுதலாயிருந்ததில் வியப்பென்ன? எல்லோருக்கும் என்று சொல்லும்போது எவர் விடுபட்டனர் என்றும் கேட்டல் நம் கடமை.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. இருந்தபோது அறியாத பெறுமதியை இல்லாதபோது அறிந்தோம். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியமென வள்ளுவர் வகுத்தார். வைத்தியரையும் மருந்தையும் அரசாங்கம் தரலாம்; அருகிருக்கும் பணி நம்முடையது. இளைஞராகிய நாம் இரத்ததானஞ் செய்வோம். நுளம்பு பெருகாது நம் ஒழுங்கைகளைத் துப்புரவாக வைப்போம். துணையின்றி வரிசையில் நிற்கும் முதியவருக்குத் துணை நிற்போம். முன்னோர் பெற்றுத் தந்ததைக் குறைவின்றிப் பின்னோருக்கு அளிப்போமாக.