ஜாலீனூஸின் புத்தகமும் மக்ஸ் மேட்டு எலும்புகளும்



முஸ்லிம் மருத்துவர்கள் என்றதும் இப்னு சீனா, அர்ராஸி என்ற இரண்டு பெயர்களோடு நம் பதிவுகள் முடிந்துவிடுகின்றன. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்வது இன்னொருவரை: அப்துல் லதீப் அல்பக்தாதி.

1162இல் பக்தாதில் பிறந்தார். அல்குர்ஆன், ஹதீஸ், அறபு இலக்கணம் என்று தொடங்கி மருத்துவத்துக்கு வந்தவர். கெய்ரோவில் இருந்த காலத்தில் காலையில் அல்அஸ்ஹரில் பாடம், நண்பகலில் மருத்துவ மாணவர்கள், மாலையில் மீண்டும் பள்ளிவாசலில் வேறு மாணவர்கள். இரவுதான் அவருடைய சொந்த வாசிப்புக்கு.

1200இல் நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. பஞ்சம் வந்தது, பின்னால் கொள்ளைநோயும் வந்தது. மனிதனை மனிதன் தின்ற சம்பவங்களைக்கூட அவர் எழுதி வைத்திருக்கிறார். வாசிக்க மனம் வராத பக்கங்கள் அவை.

அந்த நாட்களில் அவருடைய மாணவர்கள் ஜாலீனூஸின், அதாவது கிரேக்க மருத்துவர் கேலனின், உடற்கூற்று நூலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தில் படித்தது விளங்கவில்லை. கெய்ரோவுக்கு அருகே மக்ஸ் என்ற இடத்தில் ஒரு மேடு நிறைய எலும்புகள் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஆசிரியரும் மாணவர்களும் அங்கே போனார்கள்.

மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்பது கேலனின் கூற்று. சுமார் ஆயிரம் வருடங்களாக எல்லோரும் அதைப் பாடமாக்கி ஒப்புவித்து வந்தார்கள். அப்துல் லதீப் 2000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். ஒன்றிலாவது மூட்டு இல்லை. தாடை ஒரே எலும்பு. தன் கண்ணை மட்டும் நம்பாமல் வேறு பலரையும் பார்க்கச் சொன்னார், தான் பக்கத்தில் இல்லாத வேளையிலும். அவர்களும் அதையே கண்டார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, அவர் கேலனைக் கேலி செய்யாததுதான். கேலன் எவ்வளவு கவனமானவர் என்பதை ஒப்புக்கொண்டே, புலன்கள் தரும் சாட்சி அவரைவிட உறுதியானது என்றார். முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பு விஷயத்தில் முதலில் கேலனுக்கு மாறாகக் கண்டார். பிறகு பார்த்த சில எலும்புகள் கேலன் சொன்னபடியே இருந்தன. அதையும் மறைக்காமல் எழுதினார். தன் கட்சி தோற்கும் இடத்தையும் எழுதிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

இதை வைத்து அவர் புத்தகத்தை ஒதுக்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நூலைக் கையில் எடுத்தால், அது நாளை தொலைந்துபோனாலும் கவலையில்லை என்னும் அளவுக்கு உள்வாங்கச் சொன்னவர் அவர். எவ்வளவு புத்தி இருந்தாலும் ஆசிரியர் இல்லாமல் நூலில் மட்டும் படிக்காதே என்பார் (ஆசிரியராக இருப்பதால் இந்த வரியை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வதுண்டு). இரவில் படுக்கப் போகுமுன் அன்று செய்த நன்மை தீமைகளைக் கணக்குப் பார்க்கச் சொன்னதும் அதே அறிவுரைகளில்தான் வருகிறது. படிப்பையும் முஹாஸபாவையும் அவர் இரண்டு அலுமாரிகளில் பூட்டி வைக்கவில்லை.

எகிப்தைப் பற்றிய அந்த நூலின், அவர் கைப்பட எழுதிய பிரதி இன்று ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. தாடை ஒரே எலும்பு என்று ஐரோப்பாவில் வெசாலியஸ் எழுதியது 1543இல்.

அப்துல் லதீப் பல வருடங்கள் ஷாம், அனத்தோலியா என்று அலைந்தார். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, வழியில் பிறந்த ஊரான பக்தாதுக்கு வந்தவர், அங்கே நோயுற்று 1231இல் வபாத்தானார். தந்தையின் கப்றுக்கு அருகிலேயே அடக்கினார்கள்.