சட்டம்–வணிகம் ஒருங்கிணைந்த பட்டப்படிப்பு

பிளஸ் டூ முடித்த மாணவர் ஐந்தே ஆண்டுகளில் வணிக மேலாண்மை அல்லது வணிகவியலில் ஒரு பட்டமும் சட்டத்தில் ஒரு பட்டமும் பெற வழிசெய்யும் கல்வி இது. பி.பி.ஏ., எல்எல்.பி.; பி.காம்., எல்எல்.பி. என்ற இரண்டும் இதன் முக்கிய வடிவங்கள். பி.காம். தனியாக மூன்றாண்டு, அதன்பின் சட்டம் மூன்றாண்டு என்று படிப்பவருக்கு ஆறு ஆண்டுகள் ஆகும். ஒருங்கிணைந்த படிப்பில் ஓராண்டு மிச்சம். அமெரிக்காவில் சட்டமே பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு என்பதால் இத்தகைய இணைப்பு அங்கே ஜே.டி.–எம்.பி.ஏ. என முதுநிலையில் நிகழ்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்தியாவைப் போலவே இளநிலையிலேயே இரட்டைப் பட்டம் உண்டு.

பட்டத்துக்கு முந்தைய காலம்

பட்டம் புதியது, அதன் தேவை பழையது. 1906 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு நிகழ்வுகள் அதைக் காட்டும். தூத்துக்குடியில் பிளீடராக இருந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டப்படி அந்த மாதம் பதிவுசெய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். வெள்ளையர் கப்பல் நிறுவனத்தை எதிர்க்க அவர் கையிலெடுத்த கருவி, வெள்ளையர் இயற்றிய கம்பெனிச் சட்டமே.

அதே மாதம் 22ஆம் தேதி சென்னையின் அர்பத்நாட் வங்கி திவாலானது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், இந்தியர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்று உழைத்தார். 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

இவர்கள் காலத்தில் சட்டம் ஓரிடத்திலும் வணிகம் வேறிடத்திலும் இருந்தன. 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி வழக்காடக் கற்றுத்தந்தது. கணக்கும் முதலீடும் கடைவீதியிலும் வங்கியிலும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையாக இருந்தன.

ஐந்தாண்டுப் படிப்பின் தோற்றம்

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை இந்திய பார் கவுன்சிலுக்கு அளித்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரடியாகச் சேரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு 1982இல் கவுன்சில் விதி வகுத்தது. பெங்களூரில் என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் தேசியச் சட்டப் பள்ளி 1988இல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்தபோது இந்த முறை நாடெங்கும் கவனம் பெற்றது.

தொடக்கத்தில் சட்டத்துக்குத் துணையாக நின்றவை வரலாறு, அரசியல், சமூகவியல் போன்ற கலைப் பாடங்கள். 1991க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டு, பங்குச் சந்தையும் அந்நிய முதலீடும் பெருகியபோது, இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கத் தெரிந்த சட்டப் பட்டதாரிகளை நிறுவனங்கள் தேடின. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் ‘ஒருங்கிணைந்த இரட்டைப் பட்டம்’ என்பதைத் தெளிவாக வரையறுத்தன. பி.பி.ஏ., பி.காம். இணைப்புகள் பல பல்கலைக்கழகங்களில் பரவ இது வழிசெய்தது.

தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கப்பட்டது. அதன் சீர்மிகு சட்டப் பள்ளி 2002இல் வந்தது, பி.காம்., பி.பி.ஏ. இணைந்த ஹானர்ஸ் படிப்புகள் பின்னர் அங்கே சேர்ந்தன. திருச்சியில் 2013இல் வகுப்புகளைத் தொடங்கிய தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் பி.காம்., எல்எல்.பி. உண்டு. புதிய தனியார் சட்டக் கல்லூரிகளுக்கு 2014இல் மாநில அரசு தடை விதித்துச் சட்டம் இயற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 2017இல் செல்லாது என்றது.

கற்பிக்கப்படுவது

மேலாண்மைப் பக்கத்தில் நிதிக் கணக்கியல், மேலாண்மைப் பொருளாதாரம், சந்தையியல், மனிதவளம். சட்டப் பக்கத்தில் ஒப்பந்தம், அரசியலமைப்பு, குற்றவியல், சொத்துரிமை, தொழிலாளர் சட்டம், நிறுவனச் சட்டம், வரிச் சட்டம். மாதிரி நீதிமன்றப் பயிற்சியும் ஆவணம் வரையும் பயிற்சியும் கட்டாயம். ஐந்தாண்டு மாணவர் குறைந்தது 20 வாரங்கள் களப்பயிற்சி பெற வேண்டும். மூன்றாண்டு மாணவருக்கு இது 12 வாரம்.

சென்னையின் மேற்குப் புறநகரில்

குத்தம்பாக்கத்தில் நின்று பார்த்தால் இந்தப் படிப்பு எதற்கென்று விளங்கும். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த ஊரைச் சுற்றித் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டை, வடக்கே அம்பத்தூரும் ஆவடியும், மேற்கே இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் உள்ள சவீதா சட்டப் பள்ளி பி.பி.ஏ., எல்எல்.பி. நடத்துகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதல் சம்பளம் தந்தது. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் ‘ராயல்டி’யா, அதில் வரி பிடித்திருக்க வேண்டுமா என்ற கேள்வியில் 2013இல் வருமான வரித் துறையுடன் வழக்கு மூண்டது. சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் விடுபட்டது. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஒரு வரிப் பிரிவின் பொருள் பற்றிய சச்சரவு இத்தனை வீடுகளின் வருமானத்தைத் தொட்டது.

ஆவடியின் மாற்றம் வேறு வகை. கனரக வாகனத் தொழிற்சாலை அறுபது ஆண்டுக்காலம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் அரசுத் துறையாகவே இயங்கியது. 2021 அக்டோபர் 1ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. அவற்றில் ஒன்றான ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட்டின் தலைமையகம் ஆவடி. அன்றுமுதல் டாங்கி செய்யும் அதே கூடத்துக்கு இயக்குநர் குழு, ஆண்டறிக்கை, லாப நட்டக் கணக்கு எல்லாம் வந்தன. ஊழியர்களோ அரசு ஊழியர்களாகவே இருந்து, புதிய நிறுவனத்துக்கு அயற்பணியில் அனுப்பப்பட்டவர்களாகக் கருதப்பட்டனர். அவர்களின் பணி நிலையைப் புரிந்துகொள்ளச் சேவை விதியும் வேண்டும், நிறுவனச் சட்டமும் வேண்டும்.

பெரிய ஆலைகளுக்குச் சட்டப் பிரிவு உண்டு. உதிரிபாகம் செய்துதரும் லேத் பட்டறைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய அன்றாடக் கவலை, சரக்கு கொடுத்த பிறகு பணம் வராமல் இழுப்பது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். 2023இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 43பி(எச்) பிரிவு இதற்கு இன்னொரு பிடியைத் தந்தது: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிப் பணம் கொடுப்பவர், உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். இந்த உரிமையை வாங்கித்தருபவருக்கு வழக்கு மனுவும் எழுதத் தெரிய வேண்டும், பேரேடும் பார்க்கத் தெரிய வேண்டும்.

தொழில் விதிகள்

இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொழிலாகச் செய்ய முடியாது. பார் கவுன்சில் விதிகளின்படி, வழக்காடும் வழக்கறிஞர் நேரடியாக வணிகம் நடத்தக் கூடாது (விதி 47); நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராகவோ செயலாளராகவோ இருக்கக் கூடாது (விதி 48); முழுநேரச் சம்பளப் பணியில் இருக்கக் கூடாது (விதி 49). முதலீடு செய்து ஒதுங்கி நிற்கும் பங்காளியாக இருக்கலாம். மருத்துவர் ஒருவர் வழக்கறிஞராகவும் பதிவுசெய்யக் கேட்ட ஹனிராஜ் சுலானி வழக்கில், இரு தொழிலை ஒருசேரச் செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

ஆகவே பட்டதாரி ஒரு கட்டத்தில் பாதையைத் தேர்ந்தாக வேண்டும். நிறுவனத்தின் சட்ட அலுவலராகச் சேருபவர் வழக்காடும் உரிமையை நிறுத்திவைக்க வேண்டும். அங்கி அணிபவருக்கு, 2016இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டமும், அதே ஆண்டு தொடங்கிய தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் வணிக நீதிமன்றங்களும் புதிய களங்கள்.

யாருக்குக் கிடைக்கிறது

சென்னைச் சட்டக் கல்லூரி 2018இல் உயர் நீதிமன்ற வளாகத்தைவிட்டுப் புதுப்பாக்கத்துக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டறைபெரும்புதூருக்கும் பிரிந்து சென்றது. இதனால் மேற்குப் புறநகர்ப் பிள்ளைகளுக்கு அரசுச் சட்டக் கல்லூரி தங்கள் மாவட்டத்துக்கே வந்தது. ஆனால் அரசுக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பு பெரும்பாலும் பி.ஏ., எல்எல்.பி.யாகவே இருக்கிறது. வணிகம் இணைந்த படிப்பை நாடுபவர், இடங்கள் குறைவாக உள்ள சீர்மிகு சட்டப் பள்ளிக்கோ திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ போட்டியிட வேண்டும். அல்லது தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தைத் தாங்க வேண்டும். பட்டறைபெரும்புதூரில் பி.பி.ஏ., எல்எல்.பி. ஒரு பிரிவு தொடங்கினாலே, திருமழிசைப் பட்டறைத் தொழிலாளியின் மகளும் அந்தப் பட்டறையின் நிலுவைக் கணக்கை வணிக நீதிமன்றத்தில் வாதாடும் தகுதியை அரசுக் கட்டணத்திலேயே பெற முடியும்.