கசட்டின் நாற்றமும் கணிப்பும்

கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அப்பக்கத்து மார்டள்ளியிலும் மைசூரிலும் பெங்களூரிலும் வாழும் தமிழன்பர்கள், தங்கள் அருகிலேயே நிகழ்ந்த ஒரு விஞ்ஞான வரலாற்றை அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். காரணம் எளிது, அது சாக்கடையைப் பற்றியது.

1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் ஒரு புதுமுறையை வெளியிட்டனர். சாக்கடை நீரில் காற்றை ஓயாது ஊதினர்; அடியில் தங்கிய கசட்டைக் கொட்டிவிடாமல், பாலுக்கு உறைமோர் இடுவதுபோல் அடுத்த நீருக்கு இட்டனர். கசட்டில் பெருகிய நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அழுக்கைத் தின்று தீர்த்தன. அவ்விருவரையும் இவ்வாராய்ச்சியில் ஏவியவர் கில்பர்ட் ஃபௌலர். அவரே 1916-இல் பெங்களூர் வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

அக்கழகத்தில் பின்னர் வி. சுப்பிரமணியனும் எஸ். சி. பிள்ளையும் அதே கசட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தனர். நீரைத் தெளிவிப்பதில் பாக்டீரியாக்களுக்கே அன்றி, காம்பின்மேல் மணிபோல் அமரும் எபிஸ்டிலிஸ் முதலிய ஓரணு உயிர்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்று 1942-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். சுப்பிரமணியன் 1950-இல் மைசூரில் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். சாக்கடையை ஆராய்ந்தவர் சமையற்கட்டுப் பொருளை ஆராயப் போனாரே என்று சிரிக்க வேண்டியதில்லை. இட்லி மாவு புளிப்பதும் கசடு அழுகுவதும் நுண்ணுயிர்களின் கைவரிசையே.

இனி நாற்றத்துக்கு வருவோம். பிராணவாயு தீர்ந்த கசட்டில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, அழுகிய முட்டை நாறும் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. நீர் வடியவேண்டிக் கசட்டை விரைவாகச் சுழற்றிப் பிழியும்போது, அதிலுள்ள புரதம் சிதைந்து மெர்காப்டன் என்னும் வாயு எழுகிறது. விந்தை என்னவெனில், இந்த நாற்றம் அன்றே உச்சத்தை அடைவதில்லை. சில நாள் ஏறிப் பிறகே இறங்கும். நிலையத்தில் சாதுவாயிருந்த கசடு, எருவாக வயலுக்குப் போனபின் ஊரையே மூக்கைப் பிடிக்கவைக்கும்! ஆகவேதான் முன்கூட்டியே கணிக்கும் ஆசை பிறந்தது. வாஷிங்டன் நகரின் புளூ பிளெயின்ஸ் நிலையத்துக் கசட்டுக்கு 2000-க்குப் பின் இம்முயற்சி நடந்தது.

இயந்திரக் கற்றல் என்று இன்று சொல்லப்படுவது இங்கே செய்வது இதுதான்: வெப்பம், அமில நிலை, கசட்டின் வயது, சேர்த்த சுண்ணாம்பு முதலிய அன்றாடக் குறிப்புகளை, அன்றன்று மனிதர் முகர்ந்து சொன்ன நாற்ற அளவோடு கணிப்பொறி ஒட்டிப் பார்க்கிறது, பழைய நாட்களின் ஒழுங்கைக் கண்டு, வரும் நாளைச் சொல்கிறது. அந்த அளவு எப்படிக் கிடைக்கிறது? நாற்றக் காற்றில் தூய காற்றைக் கலந்துகொண்டே போய், முகர்வோரில் பாதிப்பேர் "தெரியவில்லை" என்னும் இடத்தைக் குறிக்கிறார்கள். 1982-இல் பெர்சாடும் டாட்டும் அமைத்த மின்மூக்கின் வழிவந்த கருவிகளும் உண்டு. அவற்றின் உணரிகள் நாளடைவில் தடுமாறும். அப்போது அவற்றைத் திருத்த மீண்டும் மனித மூக்கே வேண்டும். கற்பித்த மூக்கு தவறினால் கற்ற யந்திரமும் தவறும்.

ஆனால் மனித மூக்குக்கும் ஒரு கொடிய குறை உண்டு. காற்றில் நூறு கோடியில் சில பங்கே இருந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடை அது கண்டுகொள்ளும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினாலோ, சில நிமிடங்களில் மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணிச் சாக்கடைக் குழியில் மேலும் ஓரடி இறங்கும் தொழிலாளியின் உயிர் அங்கேதான் போகிறது. மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அத்தொகை உயர வேண்டியிருந்தது என்பதே இறப்புகள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. வயலுக்குச் செல்லும் லாரியின் நாற்றத்தைக் கணிக்கப் பெருங்கணிப்பொறி வேண்டியிருக்கலாம். குழிக்குள் கயிற்றில் இறக்கிப் பார்க்கக் கையடக்கமான வாயுமானி ஒன்றே போதும்.