ஐந்தாம் கியர்

பழைய மோட்டார் வண்டியில் பெரிய கியர்ப் பெட்டியைப் பொருத்தும் வழக்கத்தின் பின்னே நம் சாலைகளின் வரலாறு மறைந்துள்ளது. அதனை அம்பாசிடர் வண்டியிலேயே காணலாம்.

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கிய அவ்வண்டிக்குக் கியர்கள் நான்கு. கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் அருகே அமைந்தமையால் முன்னிருக்கையில் மூவர் அமர்ந்தனர். நான்காம் கியரில் எஞ்சினும், பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் சுழல்தண்டும் ஒரே வேகத்தில் சுழன்றன. அக்காலச் சாலைகளுக்கு அது போதியதாயிருந்தது. நெடுஞ்சாலையில் விரைந்தபோதோ எஞ்சின் ஓயாது இரைந்தது.

1990களின் முற்பகுதியில் தொழிற்சாலையே அம்பாசிடரின் ஒரு வகைக்கு இசுஸு எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பொருத்தியது. ஐந்தாம் கியரில் எஞ்சின் நிதானமாகச் சுழல, வண்டி விரைந்தது, இரைச்சல் தணிந்தது. ஆனால் கியர்த் தண்டு தரைக்கு இறங்கி, மூன்றாமவரின் இடத்தைப் பறித்துக்கொண்டது.

பழைய வண்டியில் இம்மாற்றத்தைச் செய்ய விழைவோர் தரைத்தகட்டை வெட்டவும், சுழல்தண்டின் நீளத்தைத் திருத்தவும் நேரலாம். வெட்டிய தகடு மீண்டும் பழைய தகடாகாது. ஆதலின், நாம் வண்டியைப் பேணுவது நாள்தோறும் ஓட்டுவதற்கா, பழைமையைக் காப்பதற்கா என முதலில் தெளிதல் வேண்டும். மாற்றியே தீரவேண்டுமெனில், கழற்றிய பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாது காப்போமாக. அதுவும் நம் தொழில் வரலாற்றின் சான்றன்றோ!