மண்வெட்டி பிடித்த மாணவர்கள்



நம் டெல்டாவில் ஊர் கூடி வாய்க்கால் வெட்டுவது பழைய வழக்கம். குடிமராமத்து என்பார்கள். ஆனால் மண்வெட்டி எல்லோர் கைக்கும் வரவில்லை. 1858-இல் ஆங்கிலேயர் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். ஆற்றங்கரை, ஏரிக்கரை உடையும் ஆபத்து என்றால் அக்கம்பக்கத்துக் கூலிக்காரர்கள் வந்தே தீர வேண்டும். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளை அது கூப்பிடவில்லை.

காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது முழக்கம். பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. விடுமுறையில் ஏழு நாள் கிராமத்தில் தங்கி வாய்க்கால் தூர்வாருவது, தோட்டம் போடுவது, மரக்கன்று நடுவது என்று வேலை. நம் பள்ளி முகாம்களில் நிலத்துக்காரர் பேரனும் நடவாள் மகனும் மாற்றி மாற்றி மண் சுமந்தார்கள், ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

ஏழு நாளில் ஊர் மாறாது. நட்ட கன்றுக்கு எட்டாம் நாளும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆனாலும் சட்டம் போட்டு ஒரு சாராரிடம் வாங்கிய வேலையை எல்லார் வீட்டுப் பிள்ளையும் விரும்பிச் செய்தது சின்ன விஷயமா?

உங்கள் பிள்ளை முகாமுக்குப் பெயர் கொடுத்தால், 'படிப்பு கெட்டுவிடும்' என்று தடுக்காதீர்கள். அதுவும் படிப்புதான்.