கையடக்க உயிர்காப்புப் பெட்டி

பயணத்தில் வழிதவறியோ விபத்தில் சிக்கியோ தனித்துவிடப்படும் ஒருவர், உதவி வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கத் தேவையான சிறு பொருட்களைச் சட்டைப்பையில் அடங்கும் அளவில் சேர்த்துவைத்திருக்கும் தொகுப்பே கையடக்க உயிர்காப்புப் பெட்டி. முதலுதவிப் பெட்டியின் வேலை காயத்தோடு முடிந்துவிடும். இதன் வேலை காத்திருக்கும் நேரத்தைக் கடத்துவது. முதுகுப்பை ஆற்றோடு போய்விட்டது, வண்டி பள்ளத்தில் கிடக்கிறது, துணைக்கு வந்தவர்களைக் காணவில்லை என்ற நிலையிலும் கையில் மிஞ்சியிருக்க வேண்டியது என்பதால் அளவுதான் இதன் முதல் இலக்கணம். உடம்போடு வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டால் அது இன்னொரு பை, அவ்வளவுதான்.

1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டு விமானம் ஒன்று புயலில் உடைந்து அமேசான் காட்டில் விழுந்தது. உயிர் பிழைத்தவர் 17 வயது யூலியானே கோப்கே ஒருவர்தான். சரக்கறையில் ஏற்றப்பட்டிருந்த எத்தனையோ பெட்டிகளால் அவருக்குப் பயன் ஒன்றுமில்லை. விழுந்த இடத்தில் கண்டெடுத்த ஒரு மிட்டாய்ப் பொட்டலமே உணவு. உயிரியலாளர்களான பெற்றோரோடு காட்டில் வாழ்ந்து பழகியவர் என்பதால் ஓடையைத் தேடி அதன் போக்கிலேயே நடந்தார். பதினோராம் நாள் மனிதர்களிடம் வந்து சேர்ந்தார். உயிர்காப்புப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அறிவுதான் பெரிது, பொருள் பெரிதல்ல என்பதற்கு இவரைச் சான்று காட்டுவது வழக்கம். அது சரிதான். ஆனால் அறிவுள்ளவரிடம் ஒரு விசிலும் கொசுக்கடிக்கு மருந்தும் இருந்திருந்தால் அந்த நாட்கள் இன்னும் குறைந்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோற்றம்

இன்று கடைகளில் விற்கும் பெட்டிகளின் நேரடி முன்னோடி இரண்டாம் உலகப்போரில் பிறந்தது. எதிரி மண்ணில் விழும் விமானிகளும் சிறைப்பட்ட வீரர்களும் தப்பி வருவதற்கு உதவ பிரிட்டன் 1939 டிசம்பரில் எம்.ஐ.9 என்ற ரகசியப் பிரிவைத் தொடங்கியது. அதில் கருவிகளை உருவாக்கும் பொறுப்பு கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன் என்பவரிடம் இருந்தது. வரைபடங்களைப் பட்டுத்துணியில் அச்சிட வைத்தவர் அவர். பட்டு மடித்தாலும் சலசலக்காது, நனைந்தாலும் கிழியாது. எடின்பரோவின் பார்த்தலோமியூ நிறுவனம் தன் வரைபடங்களைக் கட்டணம் வாங்காமல் கொடுத்தது. வாடிங்டன் நிறுவனம் அச்சிட்டது. சட்டைப் பொத்தானுக்குள் திசைகாட்டி ஒளிந்திருந்தது. விமானிகள் கையோடு கொண்டுபோன சிறு பெட்டியில் ஹார்லிக்ஸ் மாத்திரைகள், தூக்கத்தை விரட்டும் பென்செட்ரின், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஹாலசோன், ரப்பர் நீர்ப்பை, தீக்குச்சி, ஊசி, நூல் ஆகியவை இருந்தன. நம் வீடுகளில் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிற அதே ஹார்லிக்ஸ்தான். இதோடு தனியாக ஒரு பையில் பிரெஞ்சு, பெல்ஜிய, டச்சுப் பணத்தாள்களும் இருந்தன. பின்னாளில் வந்த பட்டியல்கள் பணத்தை மறந்துவிட்டன. தொலைந்துபோன பயணி முதலில் சந்திக்கப்போவது பெரும்பாலும் கரடியையோ பனிப்புயலையோ அல்ல, ஒரு பேருந்து நடத்துனரையோ ஆட்டோக்காரரையோதான் என்பதால் மடித்து வைத்த சில நூறு ரூபாய்த் தாள்களுக்கு இந்தப் பெட்டியில் நியாயமான இடம் உண்டு.

பொதுமக்களிடம் இந்த வழக்கத்தைப் பரப்பியவர் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப்படையில் பயிற்சியாளராக இருந்த ஜான் 'லாஃப்டி' வைஸ்மன். 1986இல் வெளிவந்த அவருடைய உயிர்காப்புக் கையேடு, தட்டையான புகையிலை டப்பாவுக்குள் என்னென்ன அடக்கலாம் என்று சொன்னது: தீக்குச்சி, மெழுகுவர்த்தி, தீக்கல், பூதக்கண்ணாடி, ஊசி நூல், தூண்டில் முள்ளும் நரம்பும், சிறு திசைகாட்டி, கண்ணிக் கம்பி, வளையும் ரம்பம், அறுவை பிளேடு, பிளாஸ்டர், சில மருந்துகள். ஓர் ஆணுறையும் பட்டியலில் உண்டு; காலுறைக்குள் வைத்துப் பிடித்தால் அதில் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும். புகைப்பழக்கம் குறைந்து புகையிலை டப்பாக்கள் அரிதான பிறகு அந்த இடத்தை ஆல்டாய்ட்ஸ் என்ற புதினா மிட்டாய் டப்பா பிடித்துக்கொண்டது.

இன்னொரு மரபு மலையேறிகளுடையது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கும் மவுண்டனியர்ஸ் மன்றம் 1930களில் தன் பயிற்சி வகுப்புகளில் வலியுறுத்திய பத்துப் பொருட்கள், 1974இல் அதன் மலையேற்ற நூலில் பட்டியலாக அச்சேறின. கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வைக்கும் பொருட்களின் பட்டியல் மூன்றாவது மரபு. அதில் விசிலும், பகல் வெளிச்சத்தில் சைகை காட்டும் கண்ணாடியும் கட்டாயம்.

ஒளிபவரும் தொலைந்தவரும்

இந்த மூன்று மரபுகளில் சந்தையை வென்றது படைவீரரின் டப்பா. அதன் கோளாறும் அங்கேதான் இருக்கிறது. எதிரி எல்லைக்குள் இருக்கும் வீரர் யார் கண்ணிலும் படக்கூடாது. பல நாள் தனியே நடந்து, பிடித்ததைத் தின்று ஊர் சேர வேண்டும். தொலைந்துபோன பயணிக்கு நிலைமை நேர்மாறு. அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அவர் இருந்த இடத்திலேயே இருந்து, கண்ணிலும் காதிலும் பட வேண்டும். வைஸ்மனின் டப்பாவில் விசில் இல்லை; மூடியின் உட்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கண்ணாடியாகப் பயன்படும் என்பதோடு சைகை விஷயம் முடிந்துவிடுகிறது. கடையில் வாங்கும் பெட்டியில் கண்ணிக் கம்பியும் ஐந்தாறு தூண்டில் முள்ளும் இருந்து விசில் இல்லாவிட்டால், அது வேறொருவருக்காகத் தயாரிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

தூண்டில் பயனற்றது என்று பொருளல்ல. கடலில் அது உயிர் கொடுத்திருக்கிறது. 1942 நவம்பரில் கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பிறகு அட்லாண்டிக்கில் 133 நாள் தனியாக மிதவையில் கிடந்த சீன மாலுமி பூன் லிம், டார்ச் விளக்கின் சுருள்கம்பியை வளைத்துத் தூண்டில் முள் செய்து மீன் பிடித்தார். கயிற்றைப் பிரித்து நரம்பாக்கினார். நிலத்தில் இரண்டு மூன்று நாளில் மீட்கப்படுபவருக்குப் பட்டினியால் சாவு வராது. கண்ணி வைத்து முயல் பிடிப்பது இந்தியக் காடுகளில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக் குற்றம் வேறு.

உள்ளடக்கம்

எதை முதலில் வைப்பது என்பதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் வாய்பாடு மூன்றின் கணக்கு: காற்றின்றி 3 நிமிடம், கடுங்குளிரிலோ கடும் வெயிலிலோ மறைவின்றி 3 மணி நேரம், நீரின்றி 3 நாள், உணவின்றி 3 வாரம். துல்லியமான அறிவியல் அல்ல. ஆனால் வரிசையை மனத்தில் பதிய வைக்கிறது.

ஆகவே முதலிடம் மறைப்புக்கு. உறைபனி இருந்தால்தான் உடல் விறைக்கும் என்பது தவறு. நனைந்த உடையில் காற்று அடித்தால் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். கோடை மழையில் நனைந்த மலைப்பயணிக்கும் இது பொருந்தும். 1964இல் நாசா உருவாக்கிய, அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் போர்வை ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். உடலிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். ஆனால் தரை உறிஞ்சும் வெப்பத்தை அதனால் தடுக்க முடியாது, அடியில் சருகையோ பையையோ பரப்ப வேண்டும். முள்ளில் பட்டால் நீளமாகக் கிழிந்தும்விடும். முகத்துக்கு ஓட்டை போட்டு உள்ளே நுழைந்துகொள்ளும் பெரிய குப்பைப் பை இதைவிட மலிவு, உறுதியும் கூட. ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தால் அதுவே சைகைக் கொடி.

இரண்டாவது விசில். கத்தினால் சில நிமிடங்களில் தொண்டை கட்டிவிடும். விசில் மூச்சு இருக்கும்வரை ஒலிக்கும். உள்ளே உருண்டை உள்ள பழைய வகை, ஈரத்திலும் அழுக்கிலும் சிக்கிக்கொள்ளும். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் 1987இல் சந்தைக்குக் கொண்டுவந்த உருண்டையில்லா விசில் இந்தக் குறையைத் தீர்த்தது. மூன்று முறை ஊதி நிறுத்துவது பல நாடுகளில் ஆபத்துக் குறி. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி. பதில் நிமிடத்துக்கு மூன்று. விசிலைப் பெட்டிக்குள் வைக்காமல் கழுத்தில் தொங்கவிடுவதே நல்லது. சைகைக் கண்ணாடியின் மின்னல் தெளிந்த வானில் 15 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். பழைய சி.டி. தட்டு ஒன்றும் இதற்குப் போதும். நடுவில் இருக்கும் துளை வழியே குறி பார்க்கலாம். இரவுக்குச் சிறு எல்.இ.டி. டார்ச்.

தண்ணீர் விஷயத்தில் குளோரின் மாத்திரைகளுக்கு ஈடில்லை, இடமே பிடிக்காது. தெளிந்த நீரில் போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கல் நீரில் அதன் வலு குறையும் என்பதால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டியதால் வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புதுச் சேலையைவிடப் பழையதே நல்லது. துவைத்துத் துவைத்து நூல் இழைகள் நெருங்கியிருக்கும். வடிகட்டுவது மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அடங்காது. கொதிக்க வைத்தால் சாகும். ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

இதோடு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்கான் முகாமில் மருத்துவர் திலீப் மஹலநபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பெருமளவில் கொடுத்து, 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த காலரா இறப்பை 4 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். வயிற்றுப்போக்குக்கும் வெயில் சோர்வுக்கும் இது ஒன்றே மருந்து. மருந்துகளில் பேண்டெய்ட், வலி மாத்திரை, பயணி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையில் இரண்டு நாளைக்கு வேண்டியது, இவை போதும். பாம்புக்கடிக்கு அறுத்து உறிஞ்சும் பழைய உபகரணம் வேண்டவே வேண்டாம். அது கேட்டைத்தான் கூட்டும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்கள் அட்டைக்குக் கொஞ்சம் உப்பையோ மூக்குப்பொடியையோ முடிந்துகொள்வதுண்டு, அதற்கும் ஓர் ஓரம் ஒதுக்கலாம்.

ஊக்கு, பெரிய கண் ஊசி, பல் துலக்கும் நைலான் நூல், பேனாவைச் சுற்றிய இன்சுலேஷன் டேப், பென்சில் துண்டு, ரத்தவகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஆகியவை இண்டு இடுக்கில் போய்விடும்.

தீ

மேற்கத்திய நூல்களில் பாதிப் பக்கங்களை விழுங்குவது தீ மூட்டும் கலை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவைதான் இன்று தீக்கோலாக விற்கிறது. ஈரத்திலும் பொறி பறக்கும். கனடாவின் பனிக்காட்டில் அது உயிர். தமிழ்நாட்டு மலைகளில் நிலைமை வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு மாநில அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது எப்போதுமே குற்றம். பிப்ரவரி முதல் மழை வரும்வரை காய்ந்து நிற்கும் புல்மேட்டில் ஒரு பொறியே போதும். இங்கே பெட்டியிலிருந்து முதலில் வெளியே எடுக்க வேண்டியது தீப்பெட்டிதான்.

பெட்டியும் சட்டமும்

டப்பாவுக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. மூடி இறுகும் சிறிய எவர்சில்வர் டப்பா, மிட்டாய் டப்பாவைவிட மேல். தீ மூட்டத் தடையில்லாத இடத்தில் அதில் தண்ணீரும் காய்ச்சலாம். தகர ஜியாமெட்ரி பாக்ஸ் தட்டையாகப் பைக்குள் உட்காரும், ஆனால் ஈரம் புகும். விளிம்பைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும்.

விமானப் பயணிக்குத் தனிக் கணக்கு. பிளேடும் கத்தியும் கைப்பையில் ஆகாது. தீப்பெட்டியையும் லைட்டரையும் இந்திய விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பழைய பட்டியல்களில் வரும் பொட்டாசியம் பெர்மாங்கனேட், தீயைத் தூண்டும் வேதிப்பொருள் என்பதால் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியிலும் வைக்கக்கூடாது. பவர் பேங்க் மட்டும் தலைகீழ்: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். வெளிநாடுகளில் மலைப்பயணிகள் சாதாரணமாக எடுத்துச்செல்லும் துரையா, இரிடியம் வகைச் செயற்கைக்கோள் தொலைபேசிகளை அரசின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் குற்றம். கைக்குள் அடங்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவியோடு வந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. ஊர் திரும்பும் உறவினர் இப்படி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவருவதாகச் சொன்னால் தடுத்துவிடுவது நல்லது.

விசிலைப் போலவே பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டிய பொருள் இன்னொன்றும் உண்டு: எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் விட்டுச்செல்லும் சீட்டு. 2003 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஒரு பாறையிடுக்கில் கை நசுங்கிச் சிக்கிய ஆரோன் ரால்ஸ்டனிடம் கயிறு, விளக்கு, பல கருவிகள் சேர்ந்த மடக்குக்கத்தி எல்லாம் இருந்தன. அவர் எங்கே போனார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. 127 மணி நேரம் கழித்துத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த '127 அவர்ஸ்' படம் அந்தக் கதைதான்.

பராமரிப்பு எளிது, பலரும் செய்வதில்லை. வெயிலில் நிற்கும் காரின் முன்பெட்டியில் வைத்தால் குளோரின் மாத்திரை வலுவிழக்கும், பேண்டெய்டின் பசை போய்விடும், சாதாரண பேட்டரி கசிந்து டார்ச்சைக் கெடுக்கும். லித்தியம் பேட்டரி இதைத் தாங்கும். வாங்கிய பேட்டரியைப் போட்டுவைக்காமல் தனியே டேப் சுற்றி வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து, மாத்திரைகளின் காலாவதி நாளை மூடியின் உட்புறம் எழுதி ஒட்ட வேண்டும். அப்போதே அந்த மெல்லிய போர்வையை ஒரு தடவை விரித்துப் பார்த்துவிடலாம். மறுபடி பழைய அளவுக்கு மடிக்க வராது. அதனால் வாங்கும்போதே இரண்டாக வாங்குவது நல்லது.